தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் காய்

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன கை இது. முன்னால் நடந்தது பின்னால் வரும், சில விஷயம் மறந்து வராமலே போகும். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். அவள் நடத்திய ஒரு பாடம்.

சித்தூருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அவள் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தாள். மருமகன் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவளும்தான். அடுத்த நாள் எடுக்க வேண்டிய பாடத்தை முதல் நாள் சாயங்காலமே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவள் வழக்கம். நான் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். புரிந்தா கேட்டேன்? ரேடியோ பாடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடும். கொரோனா வந்து காலேஜை மூடினபோதுதான், கூடத்திலேயே உட்கார்ந்து லேப்டாப் முன்னால் மாதக்கணக்கில் பாடம் எடுத்தாள். பிள்ளைகள் கேட்கிற கேள்வியும் எனக்குக் கேட்கும். அப்போது ஒரு பாடம் மட்டும் எனக்கு விளங்கியது. அதில் என் வீட்டுக்காரர் இருந்தார்.

அவர் மாங்கூழ் ஃபேக்டரி கேட்டில் எடை போடுகிற வேலையில் இருந்தவர். சீசனில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு ஒவ்வொரு லாரியாகக் காட்டி, "இந்தக் காயை ஏத்து, அந்தக் காயைப் பின்னால விடு" என்பார். தார்ப்பாய்க்கு அடியில் தோத்தாபுரியா பேனிஷாவா நீலமா, எந்த ஜாதி மாங்காய் என்பது அப்போது அவருக்கு அவசியமில்லை. எல்லாம் காய்தான். எடை போட அது போதும்.

மகள் இதைத்தான் பாடமாக்கி வைத்திருந்தாள். குச்சிதான் பாயிண்டராம். மாங்காய் என்பது மேல் கிளாஸ், அதாவது பேஸ். தோத்தாபுரி, பேனிஷா, நீலம் எல்லாம் அதிலிருந்து பிறந்த கீழ் கிளாஸ், டிரைவ்டு. தோத்தாபுரி லாரியை "மாங்கா" என்று குச்சி காட்டினால் தப்பே இல்லை, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் அந்தக் குச்சியை வைத்துக்கொண்டு மாங்காய்க்குப் பொதுவானதை மட்டும்தான் கேட்க முடியும். எடை கேட்கலாம். கூழுக்கு ஆகுமா என்று கேட்க முடியாது. "அதுக்காக உள்ள இருக்கிற தோத்தாபுரி எங்கயும் போயிடல, புரியுதா? அது அங்கியேதான் கீது. குச்சிக்குத்தான் தெரியல" என்பாள்.

திரும்பக் கீழே இறங்கி, இது தோத்தாபுரி என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு வழி. தார்ப்பாயைத் தூக்காமலே "தோத்தாபுரிதான்" என்று அடித்துச் சொல்வது ஒன்று. உள்ளே நீலம் இருந்தால் எங்கேயோ போய் முட்டும். முட்டுவதும் உடனே முட்டாது, அதுதான் ஆபத்து. இன்னொன்று, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வது. கேட்ட காய் உள்ளே இல்லையென்றால், இல்லை என்று பதில் வரும்.

ஒரு பையன் கேட்டான், "மேடம், அழுகிப்போன காய்க்கு எந்த கிளாஸ்?"

"உன் கிளாஸ்தாண்டா. கடைசி பெஞ்சு. அதுக்கு மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது."

லேப்டாப்புக்குள் எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

அதே பாடத்தில் கடைசியாக ஒன்று சொல்வாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். குச்சியை மாற்றினால் காய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் காயையே எடுத்து, மாங்காய்க்கு மட்டும் இடம் உள்ள ஒரு பெட்டிக்குள் கொட்டினால், பேனிஷாவுக்கே உண்டான பங்கு வெட்டுப்பட்டு வெளியே விழுந்துவிடும். பெட்டிக்குள் இருப்பது வெறும் மாங்காய். அசல் லாரி வெளியே நின்றால் பிழைத்தோம். அசல் போய்விட்டால், பிறகு எந்தக் குச்சியால் தொட்டாலும் பேனிஷா வராது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

காலேஜ் மறுபடி திறந்து கொஞ்ச காலம் கழித்து அவள் பேச்சில் சாமான்களின் பெயர் குறைய ஆரம்பித்தது. "அந்தப் பாத்திரத்தை எடும்மா" என்பாள். எந்தப் பாத்திரம் என்று கேட்டால் கையைக் காட்டுவாள்.

"இட்லிப்பானைன்னு சொல்ல மகாராணிக்கு வாய் வலிக்குதா?" என்பேன்.

"காலேஜ்ல தெலுங்கு, பாடத்துல இங்கிலீஷ், உன்னாண்ட தமிழ். மூணும் தலைக்குள்ள நெரிச்சிக்கினு நின்னா ஒண்ணு ரெண்டு கீழ விழத்தானேமா செய்யும்?" என்று சிரிப்பாள்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. இந்தப் பக்கத்து வீடுகளில் பேச்சே அப்படித்தான். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். தமிழில் வார்த்தை வரவில்லையென்றால் தெலுங்கில் சொல்வோம், அதுவும் வரவில்லையென்றால் கேட்கிறவர் எடுத்துக் கொடுப்பார். யாரும் அதை ஒரு குறையாக நினைப்பதில்லை. நகரியிலிருந்து வந்த என் தம்பி சொன்னான், "படிச்சவங்க எல்லாரும் இப்படித்தாங்க்கா. என் மருமவ புடலங்காய்க்குப் பேரு தெரியாம போட்டோ எடுத்துக்கினு போயி கடையில காட்றா." எல்லோரும் சிரித்தோம்.

கைக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. பூண்டை "அது" என்பாள், ஆனால் உரித்துத் தட்டி ரசத்தில் சரியாகப் போடுவாள். அதைப் பார்த்து எனக்குத் தைரியம்.

அவளுக்குத் தலை சுற்றல் என்று திருப்பதியில் ஒரு டாக்டரிடம் போனபோது நானே அவளுடைய மறதியையும் சொன்னேன். அவர் சின்ன வயசுக்காரர், தெலுங்குக்காரர். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இதேமிட்டி, செப்பண்டி" என்றார், இது என்ன சொல்லுங்கள் என்று. கத்தரிக்கோல் படம் வந்தது. அவள் பார்த்தாள். "சாமானு" என்றாள்.

"வீட்டுல தமிழுங்க, அதான்" என்றேன் நான்.

"சரி, தமிழ்லயே சொல்லுங்கம்மா."

"சாமான்" என்றாள்.

"இஸ்கூல்ல தெலுங்கு மீடியமுங்க" என்றேன்.

டாக்டர் பாவம், சிரித்துவிட்டார். இரண்டு பாஷைக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு இது சகஜம் என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தமிழில் இல்லாதது தெலுங்கில் இருக்கிறது என்று நாங்களும், தெலுங்கில் இல்லாதது தமிழில் இருக்கிறது என்று அவரும் நினைத்துக்கொண்டோம். இரண்டிலும் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே ஒரு வருஷம் போய்விட்டது.

காலேஜில் அவளுக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண், சின்ன மேடம் என்று சொல்கிறேன், ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னாள்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. மேடம் என்னை 'பொண்ணு'ன்னு கூப்பிடறாங்க."

"செல்லமா கூப்பிடறாளோ இன்னாவோ."

"இல்லம்மா. ஆபீஸ் அட்டெண்டரும் பொண்ணுதான், பிரின்சிபால் மேடமும் பொண்ணுதான். பேரே வரல அவங்களுக்கு." அவள் கண் கலங்கியிருந்தது. "பாடம் மட்டும் தப்பாம எடுக்கறாங்க. அதனாலதான் இத்தனை நாள் யாருக்கும் தெரியல."

அவள்தான் கூடவே வந்து திருப்பதியில் பெரிய டாக்டரிடம் காட்டினாள். பஸ்ஸில் சந்திரகிரி தாண்டினதும் மலை தெரிந்தது. மகள் கைகூப்பி, "மலை" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்தது. பிறகுதான் யோசித்தேன். திருமலையை நாங்கள் எல்லோருமே வெறும் மலை என்றுதானே சொல்கிறோம்? அவள் அந்த மலையைச் சொன்னாளா, எந்த மலையாவது ஒரு மலையைச் சொன்னாளா? கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் விவரம் சொன்னார். மூளையில் காதுக்கு மேல் பக்கம், வார்த்தைக்கு அர்த்தம் வைத்திருக்கிற இடம், காய்ந்துகொண்டு வருகிறதாம். முதலில் தனித்தனிப் பெயர்கள் போகும். பொதுப் பெயர்கள் கடைசி வரை நிற்கும். குறைக்கவோ நிறுத்தவோ மருந்து இல்லை. சின்ன மேடம் எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

மகள் அழவில்லை. டாக்டரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், அதெல்லாம் உள்ள கீதா, இல்லையா? உள்ள இருந்து நான் கூப்பிட முடியாம கீறனா? இல்ல, வெட்டுப்பட்டுப் போச்சா?"

அவருக்குப் புரியவில்லை. மூன்று பேரில் எனக்கும் சின்ன மேடத்துக்கும் மட்டும்தான் புரிந்தது.

"ரெண்டும் வேற வேற சார்" என்றாள். "முதல்து குச்சி மேல தப்பு. அதைச் சரி பண்ணலாம்."

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். இந்தக் கட்டத்தில் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "அம்மா, நான் 'சாமான்'னு சொன்னா நீ அதோட சரியான பேரைச் சொல்லு. கேட்டதும் எனக்கு 'ஆமா, அதான்'னு பட்டா, உள்ள இருக்குதுன்னு அர்த்தம். தார்ப்பாயைத் தூக்கிப் பாக்கற மாதிரி. என்னா?"

"சரி பாப்பா."

"எதுவும் படலன்னா, படலன்னு சொல்லிடுவேன். நீ அழக்கூடாது."

அதுமுதல் எங்கள் வீட்டில் அதுவே வேலையாக இருந்தது. "சாமான்" என்பாள். "முறம்" என்பேன். "ஆமா, முறம்! புடைக்கறது!" என்று முகம் மலரும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். இன்னொரு நாள் "உளுந்து" என்பேன். வெகுநேரம் யோசித்து, "துன்றதுதானே?" என்பாள். அது ஆமாவா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆமா என்றே வைத்துக்கொள்வேன்.

எது உள்ளே இருக்கிறது, எது வெட்டுப்பட்டது என்பதைத் தவிர வேறு எதையும் அந்த நாட்களில் நான் யோசிக்கவில்லை. உள்ளே இருந்தால் என் மகள் இருக்கிறாள்.

காலேஜில் அதற்குள் பேச்சு வந்துவிட்டது. அடுத்த செமஸ்டருக்கு அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க, எச்.ஓ.டி. முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். அவர் கெட்டவர் இல்லை. எந்தப் பாடம் என்பதை அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டாள்.

"இது நைனா பாடம்மா. கண்ணை மூடிக்கினு எடுப்பேன். நீயும் வா. கடைசி பெஞ்சுல குந்து. நான் எங்கயாவது நின்னா, நீ பேரைச் சொல்லு."

"அத்தினி பேரு முன்னாலயா? என்னால ஆவாது பாப்பா."

"வீட்ல சொல்ற மாதிரி சொல்லும்மா. ஒரே ஒரு வார்த்தை."

போனேன். எச்.ஓ.டி. முதல் பெஞ்சில் இருந்தார். கூட இரண்டு வாத்தியார்கள், சின்ன மேடம், கொஞ்சம் பிள்ளைகள். மகள் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டியிருந்தாள். பலகையில் மேலே ஒரு கட்டம் போட்டாள். முன்னெல்லாம் அதில் மாங்காய் என்று இங்கிலீஷில் எழுதுவாள். லேப்டாப்பில் பார்த்துப் பார்த்து அது எனக்குப் பழகிய எழுத்து. அன்றைக்கு வேறு எழுத்தாக இருந்தது. பழம் என்று எழுதியிருக்கிறாள் என்று பக்கத்துப் பிள்ளை சொன்னான்.

பாடம் தண்ணீர் மாதிரி ஓடியது. குச்சி, மேல் கிளாஸ், கீழ் கிளாஸ், ஏறுவது எப்படி, இறங்குவது எப்படி. ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. எச்.ஓ.டி. தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு அவள் கீழே அம்புக்குறி போட்டு இன்னொரு கட்டம் போட்டாள். சாக்பீஸ் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலே எழுதிய அதே வார்த்தையை அதிலும் எழுதினாள்.

"மேடம், அதி பேஸ் கதா, மேல இருக்கிறதுதானே" என்றார் எச்.ஓ.டி. "கீழ என்ன கிளாஸ் வருது? ஒரு எக்ஸாம்பிள் சொல்லுங்க."

"பழந்தான் சார்."

"எந்தப் பழம் மேடம்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"பேனிஷா, பாப்பா. நைனா முதல் லாரி வந்ததும் உனக்குன்னு துண்டுல முடிஞ்சிக்கினு வருவாரே. பேனிஷா."

அவள் கவனமாகக் கேட்டாள். சந்தேகம் கேட்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்தாள்.

"பேனிஷான்னா இன்னாம்மா?"

அவள் வருத்தப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடர்ந்தாள். "இறங்கி வரும்போது கேட்ட வகை உள்ள இல்லன்னா, இல்லன்னு பதில் வரும். அந்தப் பதிலைப் பாத்துட்டுத்தான் மேல போவணும். பாக்காம போனா எங்கயோ போயி முட்டும்." ஒரு சொல் தப்பில்லை. எச்.ஓ.டி. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சின்ன மேடம் எழுந்து வெளியே போனாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில், "பாடம் நல்லா போச்சு இல்ல?" என்றாள்.

"ரொம்ப நல்லா போச்சு பாப்பா."

"நான் எங்கயாவது நின்னனா?"

"இல்ல."

இந்த வருஷம் சீசனில் தள்ளுவண்டியில் நல்ல பேனிஷா வந்தது. அரிந்து தட்டில் வைத்தேன். தோலோடு சேர்த்து வாயில் போட்டாள். கொட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பூண்டு உரிக்கிற கை அது. நானே வாங்கி வைத்தேன். "நல்லா கீது" என்றாள். காலேஜுக்குப் போவதில்லை. சின்ன மேடம்தான் இப்போது அந்தப் பாடத்தை எடுக்கிறாள். மாங்காய் வைத்தே சொல்லிக்கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டுதான் எடுக்கிறாள்.

மகள் என்னை இன்னும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். பூக்காரியையும் அம்மா என்கிறாள். ஊசி போட வருகிற நர்ஸும் அம்மாதான். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அதனால் தப்பு சொல்ல முடியாது. "நான் யாரு பாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை.

இந்தப் பாடத்தை நான் கீரை ஆய்ந்துகொண்டு காதால் கேட்டதுதான். ஏதாவது மாற்றிப் புரிந்துகொண்டிருப்பேன். சின்ன மேடத்தைக் கேட்டால் அழுகிறாள், அவளிடம் கேட்க மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாராவது நான் எழுதியிருப்பதை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். முக்கியமாக அந்தக் கடைசி விஷயம். அசலும் போய், பெட்டிக்குள் கொட்டி வெட்டுப்பட்டதை மறுபடி எடுக்க வழியே இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதை நான் தப்பாகக் கேட்டிருந்தால் சொல்லுங்கள்.